மண்ணீரலில் புற்றுநோய் அல்லாத கட்டிகளும் நுண்துளை அறுவை சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகக் கல்லுக்காகவோ பித்தப்பை வலிக்காகவோ எடுத்த ஸ்கேனில் "மண்ணீரலில் 3 செ.மீ. கட்டி" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வந்த வலியே மறந்துபோகும். அடுத்த சில நாள்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. அப்படி அறிக்கையும் கையுமாக நிற்பவர்களுக்காகவே இந்தப் பதில்கள். மண்ணீரலில் கத்தி வைப்பதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெளிவாக வேண்டும். இந்தக் கட்டியை எடுத்தே ஆக வேண்டுமா? எடுப்பதென்றால் மண்ணீரலில் ஒரு பங்கையாவது காப்பாற்ற முடியுமா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மண்ணீரல் எங்கே இருக்கிறது? அது இல்லாமல் வாழ முடியாதா?

வயிற்றின் இடது மேல்பக்கம், விலா எலும்புகளுக்கு உள்ளே, இரைப்பைக்குப் பின்புறமாக ஒளிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 10 முதல் 12 செ.மீ. நீளமும் 150 முதல் 200 கிராம் எடையும் இருக்கும். நலமாக இருக்கும்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கைக்கு அகப்படாது.

கிழடாகிப்போன சிவப்பணுக்களைச் சலித்து அப்புறப்படுத்துவதும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் இருத்திவைப்பதும், ரத்தத்தில் நுழையும் சில வகைக் கிருமிகளைப் பிடித்து அழிப்பதும் அதன் வேலைகள். முதல் இரண்டும் இல்லாமல் போனால் உடல் சமாளித்துக்கொள்ளும். கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது வேலைக்கு முழுமையான மாற்று கிடையாது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற, தம்மைச் சுற்றி உறை போட்டுக்கொண்ட பாக்டீரியாக்களை அடக்குவதில் மண்ணீரலுக்குத் தனி இடம் உண்டு. ஆக, மண்ணீரல் இல்லாமல் வாழலாம். ஆனால் கவனமாக வாழ வேண்டும்.

கட்டி என்றாலே புற்றுநோய்தானா?

இல்லை. மண்ணீரலில் தோன்றும் சாதாரணக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஹீமாஞ்சியோமா எனப்படும் ரத்தநாளக் கட்டி. பலரும் அதைச் சுமந்துகொண்டே தெரியாமல் ஆயுள் முழுக்க வாழ்ந்துவிடுகிறார்கள். லிம்ஃபாஞ்சியோமா என்பது நிணநீர் நாளங்களிலிருந்து வருவது. பெரும்பாலும் சிறு வயதிலேயே தெரியவரும். ஹாமர்டோமா என்பது மண்ணீரலின் சொந்தத் திசுவே ஒழுங்கு தவறித் திரண்ட உருண்டை. லிட்டோரல் செல் ஆஞ்சியோமா 1991-லும், சுருக்கமாக 'சான்ட்' என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நார்த்தன்மை கொண்ட ரத்தநாள முடிச்சு 2004-லும்தான் தனித்தனி நோய்களாக அடையாளம் காணப்பட்டன. அதற்கு முன் இவை வேறு பெயர்களில் கணக்கிடப்பட்டிருக்கும்.

நீர்க்கட்டிகள் இன்னொரு வகை. பிறவியிலேயே அமைந்தவை உண்டு. எப்போதோ பட்ட அடியில் தேங்கிய ரத்தம் பின்னாளில் நீராக மாறி நிற்பதும் உண்டு. நாடாப்புழுவின் முட்டையால் வருவதும் உண்டு. இவை உண்மையில் திசுக் கட்டிகள் அல்ல என்றாலும் சிகிச்சையில் ஒரே வரிசையில்தான் வருகின்றன.

சாதாரணக் கட்டி என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? பயாப்சி எடுத்துப் பார்த்துவிடலாமே?

முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு நிறமி மருந்து செலுத்திய சி.டி. ஸ்கேன், சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. என்று படிப்படியாகப் போவார்கள். மருந்து உள்ளே பரவும் விதத்தை வைத்தே அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் நிறையச் சொல்லிவிடுவார். ஹீமாஞ்சியோமாவில் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிறம் ஏறுவது உண்டு. சான்ட் வகையில் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிக்கோடுகள் தெரிவது உண்டு.

ஊசி குத்திச் சிறிது திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணம் ரத்தக்கசிவு. மண்ணீரல் ரத்தம் ஊறிய பஞ்சு போன்றது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 5 விழுக்காடு அதற்குள் போய்வருகிறது. அதனால் பயாப்சியின் முடிவு சிகிச்சையை மாற்றும் என்கிற நிலையில்தான் அதைச் செய்வார்கள். நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா சந்தேகம் அதற்கு நல்ல உதாரணம். காரணமில்லாத காய்ச்சல், இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை, எடை குறைவு, கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டிகள் ஆகியவற்றில் எது இருந்தாலும் கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முன்பு வேறு உறுப்பில் புற்றுநோய் வந்து குணமாகியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையா?

தேவையே இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயத்தில் "எடுத்துப் போட்டுவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்கள் அதிகம். தொந்தரவு எதுவும் தராத, ஸ்கேனில் சாதாரணக் கட்டியின் லட்சணங்கள் எல்லாம் பொருந்திவருகிற சிறிய கட்டியைக் கண்காணித்தால் போதும். ஹீமாஞ்சியோமாவில் 4 செ.மீ. என்பதை ஒரு தோராயமான எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். சில மாதங்கள் கழித்து ஒரு ஸ்கேன், மாற்றமில்லை என்றால் இன்னும் நீண்ட இடைவெளியில் அடுத்தது. கட்டி அப்படியே இருந்தால் நீங்களும் அப்படியே இருக்கலாம்.

எப்போது எடுத்தே ஆக வேண்டும்?

கட்டி பெரிதாகி இரைப்பையை அழுத்தும்போது. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவதாகப் பலர் சொல்வது அதனால்தான். இடது விலாவுக்குக் கீழே விடாத வலி, ஸ்கேனுக்கு ஸ்கேன் வளரும் அளவு, உடைந்து உள்ளே ரத்தம் கசியும் அபாயம் ஆகியவையும் காரணங்கள். மிகப் பெரிய ரத்தநாளக் கட்டிகள் தட்டணுக்களைத் தம்முள் சிக்கவைத்து, ரத்தம் உறைவதையே குலைத்துவிடுவதும் அரிதாக உண்டு. ஸ்கேன்களால் புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாமல் போனாலும் அறுவை சிகிச்சைதான் கடைசித் தீர்ப்பைத் தரும்.

நுண்துளை முறையில் என்ன செய்கிறார்கள்?

பழைய முறையில் விலா விளிம்பை ஒட்டியோ நடுவயிற்றிலோ நீளமாகக் கீறி உள்ளே போவார்கள். ஆழத்தில் இருக்கும் உறுப்பு என்பதால் உள்ளே செய்கிற வேலையைவிடப் போகிற வழிக்கே வெட்டு பெரிதாக இருக்கும். லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை முறையில் 5 முதல் 12 மி.மீ. அளவில் மூன்று அல்லது நான்கு துளைகள் போதும். இந்த முறையில் மண்ணீரலை அகற்றியதைப் பாரிஸைச் சேர்ந்த தெலேத்ர் குழுவினர் 1991-ல் வெளியிட்டார்கள். புற்றுநோய் அல்லாத, அளவில் மிகப் பெருக்காத மண்ணீரலுக்கு இன்று இதுதான் முதல் தேர்வு.

முழு மயக்கம் கொடுத்து, நோயாளியை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். கரியமில வாயு செலுத்தி வயிற்றை உப்பவைத்ததும், குடலும் இரைப்பையும் தம் எடையாலேயே வலப்பக்கம் சரிந்துவிட, மண்ணீரல் மட்டும் உதரவிதானத்திலிருந்து தொங்கிக்கொண்டு நிற்கும். பெருங்குடலின் வளைவைக் கீழே விலக்கி, இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் இடையே உள்ள சிறு நாளங்களைச் சூடேற்றி அடைத்துப் பிரித்து, கணையத்தின் மேல் விளிம்பில் ஓடும் மண்ணீரல் தமனியைத் தேடிப் பிடிப்பார்கள். அதைச் சுற்றி முன்கூட்டியே ஒரு நாடாவைப் போட்டுவைப்பது நல்ல பழக்கம். பின்னால் எங்காவது ரத்தம் பீறிட்டால் அந்த நாடாவை இறுக்கினால் போதும், ரத்த ஓட்டம் நின்று கண்ணுக்கு இடம் தெரியும்.

மண்ணீரல் முழுவதையும் எடுக்காமல் கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுக்க முடியுமா?

பலருக்கு முடியும். சாதாரணக் கட்டிக்கு அறுவை என்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

மண்ணீரலுக்குள் நுழையும் முன் தமனி இரண்டு அல்லது மூன்று முதன்மைக் கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் தன் பங்குக்குரிய பகுதிக்கு மட்டும் ரத்தம் கொடுக்கும். பகுதிக்குப் பகுதி குறுக்கு இணைப்புகள் மிகக் குறைவு. பிரேசில் நாட்டு அறுவை மருத்துவர் காம்போஸ் கிறிஸ்டோ 1962-லேயே இந்த அமைப்பைப் பயன்படுத்தி மண்ணீரலைப் பகுதி பகுதியாக வெட்டியெடுத்த அனுபவத்தை எழுதிவைத்திருக்கிறார். அன்று அதற்குத் திறந்த அறுவைதான் வழி. இன்று அதையே துளைகள் வழியாகச் செய்கிறார்கள்.

திரையில் அதைப் பார்ப்பது சுவாரசியமானது. கட்டி கீழ்ப்பகுதியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ்க்கிளையை மட்டும் தனியே பிரித்து ஒரு கிளிப் போட்டதும், அதுவரை ஒரே கருஞ்சிவப்பாக இருந்த மண்ணீரலின் கீழ்ப்பாதி மெல்ல மெல்லக் கறுத்து மங்கத் தொடங்கும். மேல்பாதி பழைய நிறத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே வரைந்தாற்போல் ஒரு கோடு தோன்றும். கோடு தெளிவாகாவிட்டால் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் சிரையில் செலுத்தி, தனிக் கேமராவில் பார்த்தால் ரத்தம் ஓடும் பகுதி மட்டும் ஒளிரும். வெட்டு அந்தக் கோட்டின் மேல் விழாது. கறுத்த பக்கத்துக்குள் சுமார் ஒரு செ.மீ. தள்ளி விழும். அந்த ஓரத் திசுவில் ரத்த ஓட்டம் இல்லாததால் கசிவு குறைவு. வெட்டிய முகத்தைச் சூடேற்றிக் காயவைத்து, ரத்தம் உறையவைக்கும் மெல்லிய படலத்தை அதன் மேல் ஒட்டி முடிப்பார்கள்.

மிஞ்சும் பகுதிக்குத் தனக்கென்று தமனியும் சிரையும் இருக்க வேண்டும். அளவில் குறைந்தது நான்கில் ஒரு பங்காவது நின்றால்தான் நோய் எதிர்ப்பு வேலையை நம்பி ஒப்படைக்கலாம் என்பது பொதுவான கருத்து. கட்டி, ரத்தநாளங்கள் நுழையும் இடமான மண்ணீரலின் வாயில் பகுதியில், நடுமையத்தில் இருந்தாலோ, பல இடங்களில் சிதறியிருந்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் தீராவிட்டாலோ முழுவதையும் எடுப்பதே சரி. லிட்டோரல் செல் ஆஞ்சியோமா பெரும்பாலும் மண்ணீரல் முழுக்கப் பரவியிருக்கும் என்பதால் அதற்கும் முழு நீக்கம்தான் வழக்கம்.

"பகுதி நீக்கம் சிரமம், முழுவதையும் எடுத்துவிடலாம்" என்ற பதில் மட்டும் கிடைத்தால், அதை அடிக்கடி செய்கிற மையம் ஒன்றில் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. சிரமம் என்பது உண்மைதான். ஆனால் யாருக்குச் சிரமம் என்பதும் முக்கியம்.

அவ்வளவு பெரிய உறுப்பை இவ்வளவு சிறிய துளை வழியாக எப்படி வெளியே எடுக்கிறார்கள்?

வயிற்றுக்குள்ளேயே ஒரு கெட்டியான பைக்குள் போட்டு, பையின் வாயைத் துளைக்கு வெளியே இழுத்து, உள்ளே இருப்பதைத் துண்டுகளாக்கி எடுப்பது வழக்கம். ரத்த நோய்க்காக எடுக்கும் மண்ணீரலுக்கு அது சரி. கட்டிக்காக எடுக்கும்போது நோயியல் மருத்துவருக்குக் கட்டி சிதையாமல் கிடைக்க வேண்டும். அதனால் அடிவயிற்றில், சிசேரியன் தழும்பு விழும் இடத்தில், சின்னதாக ஒரு கீறல் போட்டு முழுசாக எடுப்பவர்கள் உண்டு. எதுவானாலும் பை கிழியக் கூடாது. மண்ணீரல் திசு வயிற்றுக்குள் சிந்தினால் அது அங்கேயே ஒட்டி வளரும்.

நாடாப்புழுவால் வந்த நீர்க்கட்டிக்கும் இதே முறையா?

ஹைடாட்டிட் எனப்படும் இந்தக் கட்டியில் எச்சரிக்கை பல மடங்கு அதிகம். நாய்களின் குடலில் வாழும் புழுவின் முட்டைகள் கழுவாத காய்கறி, அசுத்தமான நீர், கை வழியாக நம் வயிற்றுக்குள் போவதால் இது வருகிறது. கல்லீரலிலும் நுரையீரலிலும்தான் அதிகம், மண்ணீரலில் அரிது. கட்டிக்குள் இருக்கும் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். புதிய கட்டிகளும் முளைக்கலாம். அதனால் அறுவைக்கு முன்பே அல்பெண்டசோல் மாத்திரையைத் தொடங்கி, அறுவையின்போது சுற்றிலும் அடர்த்தியான உப்புக் கரைசலில் நனைத்த துணிகளை வைத்துப் பாதுகாப்பார்கள். நீர்க்கட்டி என்று தெரிந்ததும் ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்க்கச் சொன்னால், ஹைடாட்டிட் இல்லை என்று உறுதியாகிவிட்டதா என்று கேளுங்கள்.

நடுவில் திறந்த அறுவைக்கு மாறினால் அது தோல்வியா?

இல்லை. ரத்தக்கசிவு கட்டுக்கு அடங்காதபோது, பழைய ஒட்டுதல்களால் வழி தெரியாதபோது, உரிய நேரத்தில் திறப்பதுதான் நல்ல மருத்துவருக்கு அடையாளம். ஒப்புதல் படிவத்தில் இது எழுதியிருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ரோபோ இருந்தால் இன்னும் நல்லதா?

வாயில் பகுதியின் நுண்ணிய கிளைகளைப் பிரிக்கும்போது ரோபோ கைகளின் வளைந்துகொடுக்கும் தன்மை உதவும். பகுதி நீக்கத்தில் அதற்கு மதிப்பு உண்டு. வழக்கமான முழு நீக்கத்துக்குக் கூடுதல் செலவு செய்யும் அளவுக்குப் பலன் இருப்பதாக நான் கருதவில்லை. இயந்திரத்தைவிட அதை இயக்குபவரின் அனுபவத்தை விசாரியுங்கள்.

என்னென்ன சிக்கல்கள் வரலாம்?

ரத்தக்கசிவு முதல் கவலை. அடுத்தது கணையம். அதன் வால் மண்ணீரலின் வாயிலை ஏறக்குறைய உரசிக்கொண்டே இருக்கும். அதில் சிறு காயம் பட்டாலும் கணைய நீர் கசிந்து சீழ் சேரலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் வடிகுழாய் வைத்து, வடியும் நீரில் கணையம் சுரக்கும் அமைலேஸ் நொதியின் அளவைப் பார்ப்பார்கள். இடது நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் போவதும் உண்டு. மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளை ஏற்றும் கருவியைக் கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது அதற்காகத்தான். வலிக்கிறது என்று மேசையில் வைத்துவிடாதீர்கள்.

மண்ணீரல் முழுவதும் போனபின் தட்டணு எண்ணிக்கை சில வாரங்கள் ஏறி நிற்கும். அத்துடன், வெட்டப்பட்ட சிரையின் முனையில் ரத்தம் உறைந்து, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரைவரை பரவுவதும் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு இனம் தெரியாத வயிற்று வலி, குமட்டல், காய்ச்சல் வந்தால் 'வாயுத் தொல்லை' என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்குப் போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தடுப்பூசி ஏன் இவ்வளவு வற்புறுத்தப்படுகிறது?

1952-ல் அமெரிக்காவின் கிங், ஷூமேக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள், ரத்த நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று வந்ததை எழுதினார்கள். அதுவரை மண்ணீரல் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்றே மருத்துவ உலகம் நினைத்திருந்தது. இந்தத் தொற்று எல்லாருக்கும் வராது. ஆனால் வந்தால் காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி மறுநாளுக்குள் உயிரையே பறிக்கும் வேகம் கொண்டது. வந்தவர்களில் பாதிப் பேர்வரை இறந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆபத்து அதிகம். அதன் பிறகும் முழுவதும் நீங்குவதில்லை.

திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். முன்பே போட முடியாவிட்டால் அறுவைக்குப் பின் 14 நாள் கழித்து. நிமோகாக்கஸில் முதலில் 'கான்ஜுகேட்' எனப்படும் தடுப்பூசி, எட்டு வாரம் கழித்து 23 வகைக் கிருமிகளுக்கான மற்றொன்று என்ற வரிசை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இரண்டாவதை ஐந்து ஆண்டு கழித்து மறுபடி போடுவார்கள். இன்ஃபுளுயன்சா ஊசி ஆண்டுதோறும். பகுதி நீக்கம் திட்டமிட்டவர்களும் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்; அறுவை மேசையில் முழு நீக்கமாக மாறும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. இவற்றைப் பெரியவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில் வாங்க வேண்டியிருக்கும். அறுவைச் செலவைக் கணக்கிடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; கடைசி நேரத்தில் விட்டுவிடுகிற செலவாக இது ஆகிவிடக் கூடாது.

மண்ணீரல் எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் கையிருப்பில் இருந்தால் முதல் வேளையைப் போட்டுக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பது. பேச முடியாத நிலையும் வரலாம் என்பதால் அதையே ஓர் அட்டையில் எழுதி, போட்ட தடுப்பூசிகளின் தேதிகளோடு பர்ஸில் வைத்திருங்கள். நாய் கடித்தால், கீறல் சிறிதாக இருந்தாலும், ரேபிஸ் ஊசியோடு ஆன்டிபயாடிக்கும் தேவை. மலேரியா உள்ள ஊர்களுக்குப் போகும் முன் தடுப்பு மாத்திரை கேளுங்கள். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு மலேரியா கடுமையாகும்.

குழந்தைகளுக்கும் இந்த முறை ஏற்றதா?

ஏற்றதே. ஐந்து வயதுக்குக் கீழே தொற்று ஆபத்து அதிகம் என்பதால் பகுதியைக் காப்பாற்றும் முயற்சிக்கு அங்கே மதிப்பு இன்னும் கூடுதல். முழுவதையும் எடுக்க நேர்ந்தால் தடுப்பூசியுடன் பென்சிலின் மருந்தையும் சில ஆண்டுகள் தினமும் கொடுப்பார்கள்.

எப்போது வீட்டுக்குப் போகலாம்? பத்தியம் உண்டா?

சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு முதல் நான்கு நாள்களில் வீடு திரும்பலாம். முதல் ஓரிரு நாள் இடது தோளில் வலி இருக்கும். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் வருவது அது, தானே போய்விடும். அலுவலக வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்புபவர்கள் அதிகம். பகுதி நீக்கம் ஆனவர்கள் பாரம் தூக்குவது, கபடி, கால்பந்து போன்றவற்றை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவைக்க வேண்டும். உணவில் தனிப் பத்தியம் எதுவும் இல்லை. மண்ணீரல் போனால் ரத்தம் சுண்டிவிடும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை.

எடுத்த கட்டியின் அறிக்கை வரும்வரை என்ன செய்வது?

வெட்டியெடுத்ததை நோயியல் ஆய்வுக்கு அனுப்புவார்கள். ரத்தநாளக் கட்டிகளில் வகையைப் பிரித்தறியச் சிறப்புச் சாயங்கள் தேவைப்படுவதால் சில நாள் கூடுதலாகும். அறிக்கையின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். லிட்டோரல் செல் ஆஞ்சியோமா என்று வந்தால், அது சாதாரண வகையானாலும், அதோடு சேர்ந்து வேறு உறுப்புகளில் புற்றுநோய் காணப்பட்டதுண்டு என்பதால் மேலும் சில பரிசோதனைகளையும் தொடர் கண்காணிப்பையும் சொல்வார்கள். பிறவி நீர்க்கட்டியின் மேல்கூரையை மட்டும் வெட்டிவிட்டிருந்தால், உள்சுவர் மிஞ்சுவதால் அது மறுபடி நிரம்பும் வாய்ப்பு கணிசமானது. கட்டியைச் சுற்றிய பகுதியோடு முழுதாக எடுத்திருந்தால் அதே கட்டி திரும்புவது அரிது. இருந்தாலும் மிஞ்சிய மண்ணீரலின் அளவையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்க, மருத்துவர் குறித்துக்கொடுக்கும் நாளில் ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.